கச்சானைக் கேட்டுத்தான் கடலில் இறங்க வேண்டும்

ஸ்கூபா டைவிங் போக ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்கும்போது எடுத்த எடுப்பிலேயே இடத்தின் பெயரில்தான் தொடங்குகிறார்கள். அந்தமான் நன்றாக இருக்குமா, மாலத்தீவுக்கு எவ்வளவு செலவு பிடிக்கும், தாய்லாந்து மலிவாமே, எல்லாவற்றையும் ஒரே சுற்றில் பார்த்துவிட முடியாதா என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். பதிலுக்கு நான் கேட்பது ஒன்றுதான். உங்களுக்கு லீவு எந்த மாதம் கிடைக்கும்? மே மாதமா, காலாண்டு விடுமுறையா, அரையாண்டா, பொங்கலா? அதைச் சொல்லாமல் இடத்தைப் பற்றிப் பேசுவது வீண்வேலை. ஜனவரியில் அடிமணல் வரைக்கும் தெரிகிற அதே கடல், ஜூலையில் படகைக் கரையை விட்டே நகர விடாது.

இந்த விஷயத்தில் திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. இரண்டு பருவக்காற்றையும் வீட்டு வாசலில் நின்றே பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஜூன் பிறந்து, குற்றாலத்தில் சாரல் விழுகிறது என்று சேதி வந்தால் தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிட்டது என்று பொருள். ஐந்தருவியில் கூட்டம் அலைமோதும் அந்த நாட்களில் மலைக்கு அந்தப் பக்கம் கேரளக் கரையும் அதற்கு மேற்கே லட்சத்தீவும் கொந்தளித்துக் கிடக்கும். லட்சத்தீவில் டைவிங் பருவம் அக்டோபரில் தொடங்கி மே நடுவில் முடிந்துபோவது அதனால்தான். கர்நாடகத்தில் முருடேஸ்வரத்துக்கு எதிரே கடலுக்குள் இருக்கும் நேத்ராணித் தீவுக்கும் ஏறக்குறைய இதே கணக்கு. அந்தமானிலும் மே பிற்பகுதியிலிருந்து மழையும் அலையும்தான்.

ஆனால் அதே மாதங்களில் இலங்கையின் கிழக்குக் கரை அடங்கிக் கிடக்கும். மேற்கிலிருந்து வரும் காற்று தீவின் நடுவே இருக்கும் மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்குப் பக்கம் போகும்போது கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அதனால் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் கரையோரத்தில் பெரிய அலை எழும்புவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் நம் தாமிரபரணி இரு கரையும் தொட்டு ஓடும்போது நிலைமை மாறிவிடும். வடகிழக்குப் பருவமழை திருகோணமலையை மூடிவிட, இலங்கையில் பருவம் கொழும்பு, ஹிக்கடுவை, கல்பிட்டி என்று மேற்குக் கரைக்கு இடம்பெயரும். தை பிறந்துவிட்டால் மேற்கே லட்சத்தீவும் கிழக்கே அந்தமானும் தெளிந்து நிற்கும். குற்றாலச் சாரலையும் ஆற்று வெள்ளத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டால் நம்மைச் சுற்றியுள்ள கடல்களுக்கெல்லாம் ஒரு நாட்காட்டி கையில் இருக்கிறது. இணையத்தில் தேடி அலைய வேண்டியதில்லை.

தூத்துக்குடி திரேஸ்புரத்தில், சங்கு குளிப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்த ஓர் அண்ணாச்சியிடம் ஒருமுறை இதைப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் இன்னும் நுட்பமாகச் சொன்னார். மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாக விழுந்துவிட்டால் மன்னார் வளைகுடாவில் தண்ணீர் கலங்கிவிடும். கலக்கல் நாளில் இறங்கினால் நீட்டிய கை தெரியாது. காற்று ஓய்ந்த மறுநாளே தெளிந்துவிடும் என்று நினைக்கக் கூடாது, அடிமண் படிய நாளாகும். "காற்றை மட்டும் பார்த்தால் போதாது தம்பி, நீவாட்டையும் பார்க்க வேண்டும்" என்று சொல்லி, இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேல்கையை ஒரு பக்கமும் கீழ்க்கையை எதிர்ப்பக்கமும் நகர்த்திக் காட்டினார். மேலே ஓடும் நீரோட்டம் ஒரு திசையில் போகும்போது அடியில் இழுப்பது வேறு திசையில் இருக்கலாம். படகில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு அது தெரியாது. இப்போது புதிய இடத்தில் இறங்குவதற்கு முன் அங்குள்ள வழிகாட்டியிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி, அடியில் ஓட்டம் எப்படி இருக்கிறது என்பதுதான்.

அந்த அண்ணாச்சியின் வலது தோள்பட்டை சரியாக உயராது. படகில் கம்ப்ரசரை ஓடவிட்டு, அதன் குழாயை வாயில் கடித்துக்கொண்டு இறங்கிய காலத்தில், நெடுநேரம் அடியில் இருந்துவிட்டு வேகமாக மேலேறியதால் வந்த வினை என்றார். ஒரு டைவிங் விடுமுறையில் எத்தனை இடங்களைச் சேர்க்கலாம் என்பதை அந்தத் தோள்பட்டைதான் எனக்குப் புரிய வைத்தது.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 20 மீட்டரில் இருக்கும்போது கரையில் இருப்பதைப்போல் மூன்று மடங்கு அழுத்தம். அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கரைந்து சேர்ந்துகொண்டே இருக்கும். மெதுவாக மேலேறினால் மூச்சு வழியாகவே வெளியேறிவிடும். விருட்டென்று மேலேறினால், கோலி சோடாவை உடைத்ததும் நுரைத்துக்கொண்டு வருவதுபோல உடம்புக்குள்ளேயே குமிழ் கட்டிவிடும். மூட்டுவலியோடு போனால் அதிர்ஷ்டம். முதுகுத்தண்டைத் தாக்கினால் கால் விளங்காமல் போகும். அதனால்தான் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது என்றும், 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நின்று வர வேண்டும் என்றும் சொல்லித் தருகிறார்கள்.

மேலே வந்துவிட்டால் கதை முடிந்துவிடாது. சேர்ந்த நைட்ரஜன் முழுவதும் வெளியேற மணிக்கணக்கில் ஆகும். பறக்கும் விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 2,400 மீட்டர் உயர மலையில் இருக்கும் அளவுக்குக் குறையக்கூடும். ஆகவே ஒரே ஒரு முறை மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை அல்லது பல நாட்கள் மூழ்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரமும் கழித்தே விமானம் ஏற வேண்டும். நான் ஒரு முழு நாள் விடுகிறேன், மற்றவர்களையும் அப்படியே செய்யச் சொல்கிறேன். மலையேறும் பாதைக்கும் இது பொருந்தும். கடலிலிருந்து வந்த கையோடு ஆயிரம் மீட்டருக்கு மேலிருக்கும் மாஞ்சோலைக்கோ, அதைவிட உயரமான கொடைக்கானலுக்கோ காரை விடக் கூடாது.

என் மனைவியின் தம்பி ஒரு திட்டம் எழுதிக்கொண்டு வந்தான். 12 நாட்கள். சென்னையிலிருந்து அந்தமான், அங்கிருந்து திரும்பி வந்து தாய்லாந்தின் புக்கெட், பிறகு மாலத்தீவு. "மூன்றும் அடங்கிவிடும் அத்தான்" என்றான். ஆசை நியாயமானது, அதைக் குறை சொல்ல மாட்டேன். தாளை வாங்கிக் கணக்குப் போட்டோம். போகும் நாள் ஒன்று. திரும்பும் நாளும் அதற்கு முந்தின நாளும் சேர்ந்து இரண்டு. நடுவில் இரண்டு முறை இடம் மாற வேண்டும், ஒவ்வொரு முறையும் நீரில் இறங்காத நாள் ஒன்று, விமானம் பிடிக்கும் நாள் ஒன்று என்று நான்கு. மிஞ்சுவது ஐந்து நாட்கள். அதிலும் புதிய இடத்தில் முதல் மூழ்கல் எப்போதும் மேலோட்டமான இடத்தில், மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் எடையைச் சரிபார்ப்பதற்காகவும் புது உபகரணங்களுக்குப் பழகுவதற்காகவும் போய்விடும். அத்தனை பணம் கொட்டி மூன்று கடல்களின் ஓரத்தை நனைத்துவிட்டு வருவதாகத்தான் ஆகும்.

விமானத்தால் இணைகிற இடங்கள் என்றால் ஒரு விடுமுறைக்கு இரண்டு போதும் என்பது என் தீர்மானமான கருத்து. படகால் இணைகிற இடங்களை எத்தனை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம், ஏனென்றால் படகு கடல் மட்டத்திலேயே போகிறது, உடம்புக்கு எந்தச் சிக்கலும் இல்லை. அந்தமானில் ஹேவ்லாக் தீவிலும் நீல் தீவிலும் பிரித்துத் தங்கலாம். இன்று அவற்றுக்கு ஸ்வராஜ் தீவு, ஷஹீத் தீவு என்று பெயர். மாலத்தீவில் கப்பலிலேயே தங்கி ஒரு பவளத்தீவுக் கூட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம். லட்சத்தீவிலிருந்து கொச்சிக்குக் கப்பலில் திரும்புகிறவர்கள், அங்குள்ள அகத்தித் தீவில் விமானம் ஏறுகிறவர்களைப்போல மணிக்கணக்குப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் விடுமுறை நாட்களைப் பாடம் படிப்பதில் கழிக்காமல் அதை அருகிலேயே முடித்துவிடலாம். திருவனந்தபுரத்தை அடுத்த கோவளம் நமக்கு எட்டும் தூரம். மழைக்காலம் போக மற்ற மாதங்களில் அங்கே பயிற்சி உண்டு. ஓப்பன் வாட்டர் என்ற முதல் சான்றிதழ் 18 மீட்டர் ஆழம் வரை அனுமதிக்கும். அடுத்த நிலைக்கு 30 மீட்டர். பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர். பத்து வயது நிரம்பிய பிள்ளைகளுக்கும் பயிற்சி உண்டு, அவர்களுக்கு ஆழக் கட்டுப்பாடு கூடுதல். நேத்ராணிக்குப் போக விரும்புகிறவர்களுக்கு நம் ஊரிலிருந்தே கொங்கண் வழியாகப் போகும் ரயில் இருக்கிறது.

பயிற்சியைப் பற்றிச் சொல்லும்போது ஆற்றங்கரைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. குறுக்குத்துறையிலும் வண்ணார்பேட்டையிலும் கிணறுகளிலும் முங்கு நீச்சல் அடித்துப் பழகியவர்களுக்குத் தண்ணீரைக் கண்டு பயம் இருக்காது, 200 மீட்டர் நீந்திக் காட்டு என்றால் சிரித்துக்கொண்டே நீந்துவார்கள். ஆனால் தலை நீருக்குள் போனவுடனே மூச்சை அடக்குவது அவர்களுடைய உடம்பில் ஊறியிருக்கும். ஸ்கூபாவில் அதுதான் பெரிய ஆபத்து. மேலேயிருந்து நெஞ்சு நிறைய எடுத்துக்கொண்டு போன காற்று ஆழத்தில் சுருங்கும், மேலே வந்தால் பழைய அளவுக்குத்தான் திரும்பும். 10 மீட்டர் அடியில் சிலிண்டரிலிருந்து நிறைத்துக்கொண்ட காற்றோ மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். மூச்சை அடக்கியிருந்தால் விரிய இடமில்லாமல் நுரையீரலைக் கிழித்துவிடும். ஆகவே உள்ளே, வெளியே என்று இடைவிடாமல் மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். என் மனைவி வளர்ந்த பிறகு நீச்சல் குளத்தில் கற்றுக்கொண்டவள். முங்கு நீச்சல் பழக்கமே இல்லாததால் பயிற்சியின் முதல் நாளிலிருந்தே அவளுடைய மூச்சு சீராக இருந்தது, ஆற்றில் வளர்ந்த எங்களை எல்லாம்விட அவளுடைய சிலிண்டரில்தான் அதிகக் காற்று மிஞ்சும்.

மிஞ்சும் காற்று என்பது சின்ன விஷயம் இல்லை. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்) அடைத்தால் 2,400 லிட்டர் காற்று. அதில் 50 பார் அவசரத்துக்கென்று தொடாமல் வைத்துக்கொண்டு மேலே வர வேண்டும். கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிக்கிறவர் 20 மீட்டர் ஆழத்தில் 60 லிட்டர் செலவழிப்பார், ஆகவே அவருக்கு அங்கே அரைமணி நேரம்தான். பதற்றமில்லாமல், கையைக் காலை வீசாமல், மெதுவாகச் சுவாசிக்கிறவருக்கு அதே சிலிண்டர் இன்னும் நெடுநேரம் வரும்.

பயணத்துக்கு முன் உள்ளூரிலேயே முடிக்க வேண்டிய இன்னொரு காரியம் மருத்துவப் படிவம். டைவிங் மையம் தரும் கேள்வித்தாளில் ஆஸ்துமா, இதய நோய், சர்க்கரை, ரத்த அழுத்தம், காது அறுவை சிகிச்சை என்று வரிசையாகக் கேட்பார்கள். ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்று எழுதினால் மருத்துவர் கையெழுத்து இல்லாமல் இறக்க மாட்டார்கள். தீவில் போய் மருத்துவரைத் தேடுவதற்குப் பதில், படிவத்தை முன்கூட்டியே வாங்கி நம் ஊர் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. காது மூக்கு தொண்டை மருத்துவரையும் பார்த்துவிட வேண்டும். இறங்கும்போது ஒவ்வொரு மீட்டருக்கும் காது அடைக்கும், மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதி விடுவிக்க வேண்டும். சளி பிடித்திருந்தால் அது முடியாது. சளி இருக்கும் நாளில் கடலில் இறங்கவே கூடாது, அதற்காக எவ்வளவு பணம் கட்டியிருந்தாலும் சரி.

உபகரணங்களில் மற்றதை எல்லாம் வாடகைக்கு எடுக்கலாம். மாஸ்க்கை மட்டும் சொந்தமாக வாங்குங்கள், ஏனென்றால் முகத்துக்கு முகம் அமைப்பு வேறு. பட்டையைத் தலையில் மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாகக் காற்றை உள்ளிழுத்தால் அது கீழே விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்களுக்குப் பவர் கண்ணாடி பொருத்திய மாஸ்க் கிடைக்கிறது. புது மாஸ்க்கின் கண்ணாடியில் தொழிற்சாலைப் படலம் ஒட்டியிருக்கும். பற்பசை போட்டுத் தேய்த்துக் கழுவாவிட்டால் நீருக்குள் புகை மூடிக்கொண்டே இருக்கும். இனி மீசை. மாஸ்க்கின் சிலிக்கான் விளிம்பு, மூக்குக்குக் கீழே மேலுதட்டின் மேல் படிகிறது. அந்த இடத்தில் மயிர் இருந்தால் விளிம்பு ஒட்டாமல், மயிர்க்கால்களின் வழியே தண்ணீர் நூலாகக் கசிந்து மூக்குப் பகுதியில் சேரும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூக்கால் ஊதி வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அதில் காற்றும் வீணாகும். மூக்கை ஒட்டினாற்போல ஒரு கோட்டளவு மழித்துவிட்டால் விளிம்புக்கு இடம் கிடைத்துவிடும். மீசையை எடுக்க வேண்டியதில்லை.

இவ்வளவு தூரம் வேற்றூர்க் கடல்களைப் பற்றிப் பேசுகிறவன் சொந்தக் கடலை விட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். மூழ்குவது இந்தச் சீமைக்குப் புதிதில்லை. பாண்டியரின் முத்துத் துறையான கொற்கை தாமிரபரணியின் முகத்துவாரத்தில் இருந்தது. இன்று கடல் அங்கிருந்து சில கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரியும்வரை அதெல்லாம் திருநெல்வேலி மாவட்டமே. கல்லைக் காலில் கட்டிக்கொண்டு ஒரே மூச்சில் பார் என்னும் கடலடித் திட்டுக்கு இறங்கி முத்துச்சிப்பி அள்ளினார்கள். மேலே படகில் கயிற்றைப் பிடித்திருப்பவன் மைத்துனனாக இருக்க வேண்டும் என்பது வழக்கம், அக்காளோ தங்கையோ தாலியோடு இருக்க வேண்டும் என்ற அக்கறை அவனுக்குத்தானே கூடுதல். எனக்கு நீருக்குள் இணையாக வருகிறவனும் என் மைத்துனன்தான் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருக்கிறது. இறங்குவதற்கு முன் அவன் என்னுடைய வால்வைத் திறந்து பார்ப்பான், நான் அவனுடையதைப் பார்ப்பேன். ஒருவர் காற்று தீர்ந்தால் இன்னொருவரின் உபரிக் குழாயில் சுவாசித்துக்கொண்டு மேலேற வேண்டும்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 117 வகைப் பவளங்கள் அங்கே பதிவாகியுள்ளன. பெரும்பாலான தீவுகளுக்குள் பொதுமக்கள் போக அனுமதி இல்லை, அந்தக் கட்டுப்பாடு தேவை என்றே நினைக்கிறேன். பல காலம் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்தோம். பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் அமிழ்ந்துவிட்டன. தூத்துக்குடிக்கு அருகேயுள்ள வான் தீவைக் காப்பாற்ற அதைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு கோடையிலும் கடல்நீர் சூடாகும்போது பவளம் வெளிறுவதும் நடக்கிறது. 2010, 2016, 2024 ஆண்டுகளில் அது கடுமையாக இருந்தது. 2024-இல் உலகம் முழுவதிலும் அதே நிலைதான், லட்சத்தீவும் தப்பவில்லை.

வெளிறிய பவளத்தை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் அதன் வெண்மையை அழகென்று நினைத்துவிடுவார்கள். நெருங்கிப் பார்த்தால் அந்த வெண்மைக்கு மேல் கண்ணாடித் தாள் போன்ற மெல்லிய சதை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். பவளம் செத்துவிடவில்லை. அதற்குள் குடியிருந்து உணவு கொடுத்துவந்த நுண்பாசி சூடு தாங்காமல் வெளியேறிவிட்டது, அவ்வளவுதான். சில வாரங்களில் நீர் குளிர்ந்தால் பாசி திரும்பி நிறமும் திரும்பும். குளிராவிட்டால் சதை உரிந்து, எலும்பின்மேல் அழுக்குப் பச்சையாக வேறு பாசி படர்ந்துவிடும். அப்படிப் பட்டினி கிடக்கும் பவளத்தின் மேல் ஒரு டைவரின் துடுப்புக் கால் பட்டால் போதும், அது மீள்வது கடினம். ஆகவே நீருக்குள் மேலும் போகாமல் கீழும் அமிழாமல் மிதந்து நிற்கும் பயிற்சி கைவராதவர்கள் பவளத்தின் அருகே போகாமல் மணல் பகுதியிலேயே பழக வேண்டும். புகைப்படக் கருவியை அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

எங்களுக்கு லீவு மே மாதம். அதனால் கடைசியில் நாங்கள் வரைந்த திட்டம் மாலத்தீவும் திருகோணமலையும். தாய்லாந்தில் புக்கெட் பக்கத்திலிருந்து டைவிங் போகும் சிமிலன் தீவுகள் மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடிவிடுவதால் அந்தப் பேச்சை விட்டுவிட்டோம்.

நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் போய்விட்டால் மாலே ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். இந்தியர்களுக்குப் போய் இறங்கியதும் விசா. தூத்துக்குடியிலிருந்து தோணியில் சரக்கு போய்வரும் ஊர் என்பதால் மாலத்தீவு நம் பக்கத்துக்காரர்களுக்கு அந்நியமில்லை. சொகுசு விடுதிகளை விட்டுவிட்டு, மக்கள் வாழும் தீவுகளில் உள்ள சிறிய விருந்தினர் இல்லங்களில் தங்கினால் செலவு பெருமளவு குறையும். அங்கே மது கிடையாது, உடையில் கட்டுப்பாடு உண்டு, குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அது ஒரு குறையே இல்லை. ஆனால் டைவிங் எளிதல்ல. வெளிக்கடலிலிருந்து பவளத்தீவு வளையத்துக்குள் நீர் புகும் வாய்க்கால்களில் ஓட்டம் வேகமாக இருக்கும். அந்த ஓட்டத்தோடு மிதந்து போய்த்தான் சுறாவையும் திருக்கையையும் பார்க்க வேண்டும். 30 மீட்டருக்குக் கீழே பொழுதுபோக்கு டைவர்கள் போக அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்காது. தென்மேற்குக் காற்றின் காலத்தில் மிதவை உயிர்கள் கிழக்குப் பக்கம் அடித்துச் செல்லப்படுவதால் ஆனைத்திருக்கைகள் அந்தப் பக்கம் கூடும், நீர் மேற்குப் பக்கம் தெளிவாக இருக்கும். தெற்கு ஆரி பவளத்தீவுக் கூட்டத்தில் திமிங்கிலச் சுறா ஆண்டு முழுவதும் உண்டு. பா பவளத்தீவுக் கூட்டத்தின் ஹனிஃபரு வளைகுடாவில் திருக்கைகள் கூட்டமாகச் சுழலும் காட்சியைக் காண விரும்புகிறவர்கள் கவனிக்க வேண்டும், அங்கே சிலிண்டரோடு இறங்கத் தடை. மேலேயிருந்து ஸ்நார்க்கல் குழாயோடுதான் பார்க்கலாம்.

பிறகு ஒரு நாள் ஓய்வு, கொழும்புக்கு விமானம், அங்கிருந்து திருகோணமலைக்கு ரயிலோ வேனோ. இந்தப் பாதை தாழ்வான சமவெளி வழியாகவே போகிறது. திரும்பும்போது நுவரெலியாவையும் பார்த்துவிடலாம் என்று எங்கள் வீட்டில் ஒரு யோசனை எழுந்தது. அது 1,868 மீட்டர் உயரம். கடைசி மூழ்கலுக்கு மறுநாளே அங்கே போகக் கூடாது என்பதால் அதை எடுத்துவிட்டோம்.

திருகோணமலையை இரண்டாவதாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. கடுமையான ஓட்டத்துக்குப் பிறகு உடம்பும் மனமும் தளர்ந்திருக்கும்போது அமைதியான கடல் வேண்டும். தமிழில் பேசிக் காரியம் முடிக்கலாம், சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. நிலாவெளிக்கு எதிரே புறாமலைத் தீவு, 2003 முதல் தேசியப் பூங்கா. ஆழமில்லாத நீரிலேயே கருமுனைச் சுறாக்கள் சுற்றித் திரியும், அவை மனிதர்களைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவை. எல்லாவற்றுக்கும் மேலாகக் கோணேசர் மலை. சம்பந்தர் பாடிய அந்தக் கோவிலைப் போர்த்துக்கீசியர் 1620-களில் இடித்தார்கள். அதன் தூண்களும் கற்களும் பாறை உச்சியிலிருந்து கடலுக்குள் போயின. இலங்கையில் குடியேறிய அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் 1956-இல் அந்தப் பாறையடியில் மூழ்கி, கோவிலின் எச்சங்களைக் கண்டார்கள். ஒரு கோவிலைக் கடலுக்குள் போய்த் தரிசிக்கும் வாய்ப்பு தமிழனுக்கு வேறெங்கே கிடைக்கும்? அங்கே எதையும் தொடாமல், எதையும் எடுக்காமல் வர வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

மட்டக்களப்புப் பக்கம் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தவை அதுவும் பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பலும். மைத்துனனுக்கு ஹெர்மிஸ் மேல் கண். அது 50 மீட்டருக்கும் கீழே இருக்கிறது, அதற்கான பயிற்சியும் வாயுக் கலவையும் வேறு. எங்கள் சான்றிதழுக்கு அது எல்லை தாண்டியது. பிரிட்டிஷ் சார்ஜன்ட் 30 மீட்டருக்குள் இருக்கிறது, ஓட்டம் அமைதியாக இருந்தால் அதற்குப் போகலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.

கடைசி முழு நாளைக் கடலில் இறங்காத நாளாக எழுதியிருக்கிறோம். காலையில் கோணேஸ்வரம், பிறகு ஏழு கிணறுகளிலும் ஏழு விதமான சூடு இருக்கும் கன்னியா வெந்நீர் ஊற்று. மறுநாள்தான் விமானம்.

முன்பணம் கட்டுவதற்கு முன் டைவிங் மையத்திடம் எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, உடம்பில் குமிழ் கட்டியவர்களுக்கான அழுத்தச் சிகிச்சை அறை மிக அருகில் எங்கே, அங்கே போக எவ்வளவு நேரமாகும், வானிலையால் படகு போகாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா. சாதாரணப் பயணக் காப்பீடு பல நேரங்களில் டைவிங்கைச் சேர்க்காது, சேர்த்தாலும் ஆழ வரம்பு போட்டிருக்கும். ஆவணத்தின் சிறிய எழுத்துகளை வாசித்து, தேவையென்றால் டைவிங்குக்கென்று இருக்கும் காப்பீட்டைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் பற்றிய கேள்விக்கு நேரான பதில் தராத மையத்தில், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், நான் பெயர் கொடுப்பதில்லை.